தலைக்கட்டு வரி

பார்வையற்றோர் பள்ளி விடுதியில் வளர்ந்தவர்களுக்கு ஊரார் பிறந்தநாளெல்லாம் அத்துப்படி. மதியம் கேசரி என்றால் யாரோ ஒரு குழந்தைக்கு முதல் வயது. வடை பாயசத்தோடு இலை விழுந்தால் யாரோ ஒரு பெரியவருக்குத் திதி. சாப்பிட உட்காருவதற்கு முன் எழுந்து நின்று, வார்டன் சொல்லிக்கொடுக்கும் பெயருக்கு நீண்ட ஆயுள் வேண்டிக்கொள்வோம். வந்தவர்கள் வரிசைக்குப் பின்னால் மெல்ல நடந்து பார்ப்பார்கள். பட்டுப்புடவை சரசரக்கும், கேமரா சத்தம் கேட்கும், சிலர் தலையைத் தடவிவிட்டுப் போவார்கள். பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கிழிந்துபோன பிரெய்ல் பாடப் புத்தகத்தை மறுபடி அச்சடிக்கவோ, சொட்டிக்கொண்டே இருந்த குழாயைச் சரிசெய்யவோ அந்த விடுதியில் யாருக்கும் பிறந்தநாள் வந்ததில்லை.

இப்போது நான் ஒரு பொதுத்துறை வங்கியில் அதிகாரி. நாள் முழுக்கக் கணினிதான் வேலை. கணினித் திரையை எனக்கு வாசித்துச் சொல்வது என்விடிஏ என்கிற இலவச மென்பொருள். அதை உருவாக்கும் ஆஸ்திரேலிய அமைப்புக்கு வருஷத்துக்கு ஒருமுறை என்னால் முடிந்த ஒரு தொகையை அனுப்புகிறேன். இதில் ஒரு வழக்கு வந்து சேர்ந்தது. வழக்குத் தொடுத்தவர் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். அவரும் பார்வையற்றவர், பழுத்த சைவர். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தொலைபேசியில் வாதம் செய்வதற்கென்றே பிறந்தவர்.

"ஏம்ப்பா, சும்மா கெடைக்கிற பொருளுக்கு எதுக்குப் பணம் அனுப்புறே? கட்டணம்னா அவங்க கேக்கவே இல்லை. தானம்னா நீ வாங்குற எடத்துல நிக்கிறே, கொடுக்குற எடத்துல இல்லை. காணிக்கைன்னா அது என்ன சாமியா? எந்தக் கணக்குல எழுதுவே?"

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் கேள்வி கேலி இல்லை.

என்விடிஏ பிறந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற மாணவர் கல்லூரிப் படிப்பை நிறுத்திவைத்துவிட்டு இதை எழுத ஆரம்பித்தார். சிறுவயதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை முகாமில் பழக்கமான ஜேம்ஸ் டே வந்து சேர்ந்துகொண்டார், அவரும் பார்வையற்றவர். அடுத்த வருஷம் இருவரும் என்வி ஆக்சஸ் என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதற்கு முன்பும் திரைவாசிப்பான்கள் இருந்தன. பெயர் பெற்றது ஜாஸ். மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து 1978இல் விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டர் என்ற அமெரிக்கரின் நிறுவனம் உருவாக்கியது அது. அருமையான மென்பொருள்தான், ஆனால் அன்று விலை ஆயிரம் டாலரை ஒட்டி. கணினியின் விலையைவிட அதைப் பேசவைக்கும் விலை அதிகம். கண் தெரிந்தவர் திரைக்கென்று தனியாக எதுவும் கொடுப்பதில்லை, நாங்கள் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும் என்பதுதான் கரன் முன்வைத்த நியாயம். இன்றுவரை என்விடிஏவுக்கு விலை இல்லை. நிரலும் திறந்தே கிடக்கிறது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம்.

விலை இல்லை என்பதால் செலவு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் கிளையில் வட்டிக் கணக்குப் போட ஒரு பழைய நிரல் இருந்தது. யாரோ எப்போதோ எழுதிவைத்துவிட்டுப் போனது. ஒழுங்காக எழுதப்பட்ட நிரல் என்றால் தன் பொத்தான், பெட்டி ஒவ்வொன்றையும் பற்றி விண்டோஸிடம் சொல்லிவைத்திருக்கும்: இது பொத்தான், இதன் பெயர் 'சேமி', இப்போது அமுக்கலாம் என்று. திரைவாசிப்பான் அதைக் கேட்டு என்னிடம் சொல்லும். இந்தப் பழைய நிரலோ யாரிடமும் எதையும் சொல்லாது. திரையில் எழுத்தை வரைந்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். அதைத் திறந்தால் என்விடிஏ "பேன்" (பலகம்) என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லி நிறுத்திக்கொள்ளும். பக்கத்து மேசைக்காரர் அதே திரையில் அசலும் வட்டியும் தவணையும் படித்துக்கொண்டிருப்பார்.

இந்த மாதிரி ஊமை நிரல்களை வாசிக்க ஒரு வழி உண்டு. விண்டோஸில் ஒரு நிரல் எழுத்தை வரைய வேண்டுமானால், இந்தச் சொல்லை இந்த இடத்தில் வை என்று ஒரு கட்டளை கொடுத்தாக வேண்டும். திரைவாசிப்பான் அந்த நிரலுக்குள்ளேயே புகுந்து, கட்டளை போகும் வழியில் உட்கார்ந்துகொள்கிறது. எந்தச் சொல், திரையில் எத்தனையாவது புள்ளியில் என்று தன் பேரேட்டில் குறித்துக்கொள்கிறது. எழுதியதன்மேல் வேறொன்று வரையப்பட்டால் பழையதை அடிக்க வேண்டும். பக்கம் நகர்ந்தால் பேரேட்டில் உள்ள அத்தனையையும் அதே அளவு நகர்த்த வேண்டும். ஒரு இடத்தில் கணக்குத் தவறினாலும் இல்லாத எழுத்தை வாசிக்கும். விலைக்கு விற்ற மென்பொருள்களில் இந்த வசதி நெடுநாளாக இருந்தது. என்விடிஏவில் வந்தது 2010இல், 2010.2 என்ற பதிப்பில். நம்பர் பேடில் ஏழு, எட்டு, ஒன்பது என்று அமுக்கி வரி வரியாகத் திரையைத் தடவிப்போகலாம் என்றானது. வட்டி நிரலில் முதல்முறை எட்டை அமுக்கியபோது, "அசல் வட்டி தவணை" என்று தலைப்பையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி, ஒன்பதை அமுக்கியதும் எண்களையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னது. எந்த எண் எந்தத் தலைப்புக்குக் கீழே என்று மனசுக்குள் கட்டம் போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். போதாதா? அதுவரை அந்தக் கட்டமே இல்லையே.

சில வருஷங்களில் அந்த வழியும் அடைபடத் தொடங்கியது. புது நிரல்கள் எழுத்தை அந்தப் பழைய கட்டளை வழியாக வரைவதில்லை. நேராக வரைகலை அட்டையிடம் ஒப்படைத்துவிடுகின்றன. வழியில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்றும் சிக்காது. தலைமையகத்துக் கணினியை இங்கிருந்து இயக்குகிற ஏற்பாட்டில் வருவது வெறும் படம். அங்கே எழுத்தே கிடையாது. அதற்குப் படத்திலிருந்து எழுத்தை அடையாளம் காணும் வேறொரு வித்தை. விண்டோஸ் 10இல் இருந்த அந்த வசதியை என்விடிஏ 2017இல் இணைத்துக்கொண்டது. ஆக, ஒருமுறை எழுதி முடித்துவிட்டோம் என்று கைகழுவ முடிகிற பொருள் இல்லை இது. மைக்ரோசாப்ட் ஒரு திருகாணியை மாற்றினால் இங்கே ஒருவர் ராத்திரி கண்விழிக்க வேண்டும்.

பேராசிரியர் இதையெல்லாம் கேட்டார். கேட்டுவிட்டுத் தர்மசாஸ்திரத்துக்குப் போனார். "தானம்னா கொடுத்தவன் கையை விட்டுப் பொருள் போகணும். அதுக்குத்தான் தண்ணி ஊத்தித் தாரை வார்க்கிறது. இங்க என்ன போச்சு? நீ ஒரு பிரதி எடுத்தே, அவன்கிட்ட இருந்தது அவன்கிட்டயே இருக்கு. ஒரு விளக்குலேருந்து இன்னொரு விளக்கை ஏத்திக்கிட்டா முதல் விளக்குக்கு என்ன நஷ்டம்? குறையாத பொருளைக் கொடுக்கிறது கொடையே இல்லை. அதனால உனக்குக் கடனும் இல்லை."

"எண்ணெய் யாருய்யா ஊத்துறது?" என்றேன்.

விளக்கைப் பற்றி இரண்டு குருடர்கள் ராத்திரியில் சண்டை போடுவது வெளியே கேட்டிருந்தால் வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் விளக்கு என்று அவர் சொன்னதும் எனக்கு நினைவுக்கு வந்தது தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டு. திருநந்தா விளக்கு ஒன்றை நாள்தோறும் எரிக்க நிவந்தம் கொடுத்தவர்கள் எண்ணெய்க் குடத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகவில்லை. ஆடு கொடுத்தார்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடு, பசுவானால் 48, எருமையானால் 16. அதை மேய்க்கும் இடையர் தினம் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். கொடுத்த மந்தை எண்ணிக்கை குறையாமல் நிற்க வேண்டும். கிழடு தட்டியதற்கும் செத்ததற்கும் ஈடாகக் குட்டிகளை வளர்த்து நிறுத்திக்கொள்வது அவர் பொறுப்பு. கல்வெட்டுகள் சாவா மூவாப் பேராடு என்று இதைத்தான் சொல்கின்றன. கொடுத்த அரசனின் பெயரோடு மேய்த்த இடையரின் பெயரையும் அதே கல்லில் வெட்டினார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். விளக்கை ஏற்றுவது ஒரு நாள் வேலை, அது அணையாமல் இருப்பது இன்னொருவரின் ஆயுள் வேலை என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கணக்கெழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறந்தநாள் சாப்பாட்டுக்காரர்களை வைத்தும் நான் யோசித்ததுண்டு. கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தைத் தரம் பிரிக்கும்போது இடம், காலம், தகுந்த பாத்திரம் மூன்றையும் கேட்கிறது. பதிலுக்கு உதவ முடியாதவனுக்குக் கொடுப்பதை உயர்வாகச் சொல்கிறது. திரைவாசிப்பானுக்குக் கொடுக்கிற பணத்துக்கு இடம் கிடையாது, நாள் கிடையாது, எதிரே கையேந்தி நிற்கும் பாத்திரமும் கிடையாது. ஒரு புள்ளி நகர்ந்துபோன எழுத்தைச் சரியான இடத்தில் பிடிப்பதற்குச் செலவான ஒரு புரோகிராமரின் பொழுதுக்கு அது போகிறது. நைஜீரியாவிலோ பெருவிலோ இருக்கிற யாரோ ஒருத்திக்குக் கணினி முன்பைவிடக் கொஞ்சம் ஒழுங்காக வாசிக்கும். அவளுக்கும் தெரியாது, கொடுத்தவனுக்கும் தெரியாது. புண்ணியம் வேண்டுகிறவர்களுக்கு இது கசக்கத்தான் செய்யும். இலை போட்டுப் பார்த்துத் திரும்பும்போது கிடைக்கிற நிறைவு இதில் இல்லை.

பெரிய நிறுவனங்கள் கொடுத்திருக்கின்றன, மறுக்கவில்லை. மோசில்லா அறக்கட்டளை ஆரம்ப காலத்திலேயே நிதி கொடுத்தது. மைக்ரோசாப்டும் அடோபியும் கொடுத்திருக்கின்றன. சுவரைக் கட்டியவனே வாசல் வெட்டவும் கூலி கொடுப்பதைப் பேராசிரியர் பிராயச்சித்தம் என்பார். இருக்கட்டும், பிராயச்சித்தமும் தர்மத்தில் சேர்த்திதானே. ஆனால் அதை மட்டும் நம்பி மந்தையை விட முடியாது.

உண்மையில் எனக்குப் பணம் அனுப்பத் தோன்றியது இந்தத் தர்க்கத்தால் இல்லை. எங்கள் ஊரால்.

ஊர் சிவகங்கைப் பக்கம். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்னால் கூட்டம் போட்டுத் தலைக்கட்டு வரி எழுதுவார்கள். கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. சிங்கப்பூரில் இருப்பவனுக்கும் அதே தொகை, ஆடு மேய்ப்பவனுக்கும் அதே தொகை. எனக்குக் கல்யாணமான வருஷம் நோட்டில் என் பெயர் இல்லை. வரி எழுதுகிறவர் எனக்கு மாமன் முறை.

"ஒனக்கு எதுக்கு மாப்ள வரி? ஆத்தா ஒங்கிட்டயா கேக்கப் போறா? வந்து கும்பிட்டுட்டு, நல்லாச் சாப்புட்டுட்டுப் போ" என்றார்.

அவர் குரலில் இருந்தது கலப்படமில்லாத பாசம். அதனால்தான் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. ஊரில் விதவைகளுக்கு வரி இல்லை, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இல்லை. வரி எழுதாதவர்களுக்குக் கூட்டத்தில் பேச்சும் இல்லை என்பதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. என் அப்பாதான் துண்டை உதறிவிட்டு எழுந்தார். "மாசச் சம்பளம் வாங்குறான். கவர்மெண்டு அவங்கிட்ட இன்கம்டாக்ஸ் புடிக்குது. ஆத்தாளுக்கு மட்டும் கட்டக் கூடாதா?" கூட்டம் கொஞ்ச நேரம் முனகியது. அப்புறம் எழுதினார்கள். அந்த வருஷக் கிடாவெட்டில் எங்கள் வீட்டுக்கென்று தனியாகக் கறிப் பங்கு வந்தது. அதற்கு முன்பெல்லாம் அப்பாவின் பங்கிலிருந்துதான் எனக்கு ஒரு கிண்ணம் வரும்.

எங்கள் ஆத்தா நியாயத்துக்கு ரொம்ப தூரத்தில் அதே நியாயத்தைச் சொன்ன ஒருவர் இருக்கிறார் என்பது பிற்பாடு தெரிந்தது. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் மருத்துவராக இருந்த யூத அறிஞர் மைமோனிடிஸ். தர்மம் செய்வதில் எட்டுப் படிகள் வகுத்தவர் என்று அவரைச் சொல்வார்கள். உச்சிப் படி, ஒருவனுக்குக் கடனோ தொழிலோ கூட்டோ கொடுத்து அவன் இனிமேல் யாரிடமும் கையேந்தாமல் செய்வது. அதற்கு அடுத்தது, கொடுத்தவனும் வாங்கியவனும் ஒருவரையொருவர் அறியாமல் இருப்பது. திரைவாசிப்பான் இரண்டு படியிலும் ஒரே சமயத்தில் கால் வைக்கிறது என்று பெருமைப்படலாம். ஆனால் அந்த எட்டும் கொடுப்பவன் ஏறுகிற படிகள். எனக்கு உறைத்தது, அந்தப் படிகளைச் சொன்ன அதே நூலில் அவர் வேறோரிடத்தில் விதிக்கும் ஒரு சட்டம்: தர்மப் பணத்தில் பிழைக்கும் ஏழையும் இன்னொருவருக்குத் தர்மம் செய்யக் கடமைப்பட்டவன். முதலில் கேட்கும்போது கொடுமையாக இருக்கிறது. கஞ்சிக்கு வாங்கியவனிடமும் பிடுங்குவதா? என் பெயரில்லாத அந்த நோட்டை நினைத்துக்கொண்டு கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது. கொடுக்கும் கடமையிலிருந்து ஒருவனை விலக்கினால் கூட்டத்திலிருந்தே விலக்கியதாகும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் பேராசிரியர் விடவில்லை. "உனக்கு வங்கி வேலை. எலெக்ட்ரிக் ட்ரெயின்ல ஊதுபத்தி விக்கிறானே நம்ம பையன், பட்டம் வாங்கிட்டு வேலை கெடைக்காம, அவன்கிட்டயும் வரி கேப்பியா?"

இது சரியான இடி. நானும் அந்தப் பையன்களோடு படித்தவன்தான். கேட்க மாட்டேன் என்றேன். என்விடிஏவும் கேட்பதில்லை. தரவிறக்கும்போது நன்கொடைப் பெட்டி ஒன்று வரும். வேண்டாம் என்று தாண்டிப் போகலாம், அப்படிப் போனவனுக்குக் கிடைக்கும் மென்பொருளில் ஒரு எழுத்துக்கூடக் குறையாது. தேர் எல்லார் வாசலுக்கும்தான் வரும். முடியாதவனிடம் வாங்குவதைப் பற்றி நான் பேசவில்லை. முடிகிறவனிடம், கண் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வாங்காமல் விடுவதைப் பற்றிப் பேசுகிறேன். அதைவிட மோசம், அப்படி விடப்படுவதை நாமே ஒரு சலுகையாக எண்ணிப் பழகிவிட்டது. பஸ் பாஸ், ரயில் சலுகை, வரிக் கழிவு என்று வாங்க வேண்டியதை நானும் வாங்குகிறேன். அவை உரிமை, போராடிப் பெற்றவை. ஆனால் பார்வையற்ற இரண்டு பேர் பார்வையற்றவர்களுக்காகவே எழுதிய ஒரு பொருளிடமும் அதே சலுகைக்காரனாகப் போய் நின்றால், அதைத் தாங்கிப்பிடிக்கப் பார்வையுள்ளவர்களின் பிறந்தநாள்தான் வர வேண்டும்.

அப்படியானால் எந்தக் கணக்கில் எழுதுவது? நன்றிக் கடன் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. நன்றி என்றால் எழுந்து நின்று யாருடைய ஆயுளுக்கோ பிரார்த்தனை செய்த நினைவு வந்துவிடுகிறது. பங்கு என்று எழுதுகிறேன். வருமான வரியில் இதற்கு நன்கொடைக் கழிவு கிடைக்காது, வெளிநாட்டு அமைப்பாயிற்றே; அதுவும் ஒருவிதத்தில் நல்லதுதான், வேறு எந்தக் கணக்கிலும் போய்ச் சேராமல் நிற்கும்.

ஆஸ்திரேலியாக்காரர்கள் செய்ய முடியாத வேலை ஒன்றும் இருக்கிறது. திரையிலிருந்து எழுத்தைப் பிடிக்கிற எந்த வித்தையும், அங்கே இருப்பதைத்தான் பிடிக்கும், தெரிவதை அல்ல. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தட்டச்சு செய்த கோப்பைத் திறந்தால், பார்வையுள்ளவர் கண்ணுக்கு அம்மா தெரியும். எனக்கு "எம் கே செமிகோலன் கே எச்". ஏனென்றால் உள்ளே இருப்பது அந்த ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும்தான். மேலே தமிழ்ச் சட்டை மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவே. யூனிகோடு வந்து இத்தனை காலமாகியும் சுற்றறிக்கை, அழைப்பிதழ், ஆய்வேடு என்று இந்தச் செமிகோலன் மழை ஓயவில்லை. எந்தத் திரைவாசிப்பானைத் திட்டியும் பயனில்லை.

பேராசிரியரின் முனைவர் பட்ட ஆய்வு புத்தகமாக வந்தபோது அச்சகத்தில் பாமினியில்தான் கோத்தார்கள். கோப்பு அவரிடம் இருக்கிறது. தன் புத்தகத்தைத் தானே படிக்க முடியாத ஆசிரியர் அவர். மாணவர் யாராவது வந்து வாசித்துக் காட்டினால் உண்டு. போன மாதம் அதை யூனிகோடுக்கு மாற்றி எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி போட்டுவிடலாம் என்று முடிவு செய்து, ஒரு தட்டச்சாளரை அமர்த்தியிருக்கிறார். மாற்றி நிரலில் போட்டு எடுத்தால் கொம்பும் ஒற்றும் அங்கங்கே இடம் மாறிவிடுகின்றன. வரி வரியாகத் திருத்த வேண்டும், பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஓய்வூதியத்திலிருந்து கொடுக்கிறார்.

"இது எந்தக் கணக்குய்யா? தானமா, கட்டணமா?" என்று கேட்டேன்.

"போடா. என் புத்தகம்டா இது. இதுல தானம் எங்கே வந்தது?" என்றார். முதல் இயலில் அடிக்குறிப்புகள் மட்டும் பாக்கி இருக்கின்றனவாம்.